அம்புக்குறியில் அம்மா இல்லை

ஸ்பென்சர் வெல்ஸின் ‘தி ஜர்னி ஆஃப் மேன்’ ஆவணப்படத்தை மறுபடி பார்த்தேன். 2003இல் வந்தது. மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவரின் ரத்தத்தில் எம்130 என்ற மரபணுக் குறி கிடைக்கும் காட்சிக்காகவே நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆப்பிரிக்காவிலிருந்து கரையோரமாக ஆஸ்திரேலியா போன ஜனங்களின் தடம் அது என்கிறார் வெல்ஸ். அன்றைய கரை இன்று கடலுக்கடியில். மண்ணில் தடயம் கிடைக்காமல்தான் ரத்தத்தைத் தேடி வருகிறார். புல்லரிக்கத்தான் செய்கிறது.

ஆனால் எம்130 இருப்பது ஒய் குரோமோசோமில். அப்பன் மகனுக்கு மட்டும் கொடுப்பது. இருபது தலைமுறை பின்னால போனா நமக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான முன்னோர் இடங்கள். ஒய் காட்டுவது அதில் ஒரே ஓர் ஆளை! பிள்ளையை இடுப்பில் சுமந்து நடந்தவள் எங்கே? தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்து ஆப்பிரிக்கத் தாயை 1987லேயே சொல்லியாயிற்று. இந்தப் படமோ ஆண்வழியிலேயே நடக்கிறது.

அப்புறம் அந்த வரைபட அம்புக்குறி. ஆஸ்திரேலியாவுக்கென்று யார் கிளம்பினார்கள்? இந்தக் கரையில் சிப்பி தீர்ந்தா அடுத்த கரை, அவ்வளவுதான். ‘பயணம்’ என்ற சொல்லே கொஞ்சம் பொய்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவர், நாங்கள் எப்போதும் இங்கேதான் இருக்கிறோம் என்கிறார். வெல்ஸ் பொறுமையாக விளக்குகிறார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.