சூலமங்கலம் சகோதரிகளின் இணைக்குரல்

தஞ்சாவூர் மாவட்டச் சூலமங்கலத்தைச் சேர்ந்த ஜெயலட்சுமி (மறைவு 2017), ராஜலட்சுமி (மறைவு 1992) ஆகிய உடன்பிறந்தோர் சூலமங்கலம் சகோதரிகள் என அறியப்படுகின்றனர். தேவராய சுவாமிகள் இயற்றிய கந்த சஷ்டி கவசத்தை இவர்கள் பாடிய பதிவு விருதுநகர், சிவகாசி வட்டாரக் கோயில் ஒலிபெருக்கிகளில் இன்றும் ஒலிக்கிறது.

2004இல் அயர்லாந்தில் தோன்றிய ‘செல்டிக் வுமன்’ போன்ற மகளிர் குழுக்களில் ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர்கள் அதே நேரத்தில் வேறு சுரங்களில் பாடுவர். அந்தச் சுரங்கள் பொருந்துவதே அங்கு இனிமை. சகோதரிகளின் பாட்டில் அது இல்லை. இதைக் குறை என்று எண்ண வேண்டியதில்லை. இருவரும் ஒரே சுரத்தில் பாடும்போது சிறு பிசகும் காதில் உறுத்தும், மறைத்துக்கொள்ள இடமில்லை.

கவசத்தில் பீஜ எழுத்துகள் விரைவாக அடுக்கி வரும் பகுதியைக் கேளுங்கள். நா இடறக்கூடிய அவ்விடத்தில் ஓர் எழுத்தும் முன்பின் ஆகாமல் இருவரும் ஒன்றாகச் செல்கிறார்கள். இரண்டு பிள்ளைகளைச் சேர்ந்து செய்யுள் ஒப்பிக்க வைத்த ஆசிரியருக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் பக்கத்து முளைப்பாரிக் கும்மியிலும் ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் அதே மெட்டில் வாங்கிப் பாடுவார்கள். அந்தப் பழக்கம் உள்ள பெண்கள், தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கவசத்தையும் கூடவே பாடிவிடுவார்கள். தனிக் குரல்பகுதி கற்க வேண்டிய பாட்டாக இருந்தால் அது நடந்திருக்காது.

ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைக்கும்போது இரண்டு குரலும் ஒரே இரைச்சலாகிவிடுகின்றன. வீட்டில் சத்தத்தைக் குறைத்துக் கேட்டால்தான் பாடுவது இரண்டு பேர் என்பதே புலப்படும்.