துரையின் நாக்கும் நம் காதும்

நம் கதைகளில் வரும் வெள்ளைக்காரர் யாராயிருந்தாலும் 'டமில்' என்றுதான் சொல்லுவார். வாசகர் சிரிப்பார். ஒரு நாவலில் நானும் அந்தச் சிரிப்பைச் சம்பாதித்தவன்தான். மலிவான சம்பாத்தியம் என்று இப்போது படுகிறது.

துரையின் நாக்குத் தடித்துவிட்டதாக நாம் எழுதுகிறோம். கோளாறு அதற்கு முன்பே காதில் தொடங்கிவிடுகிறது. 'பத்து', 'பட்டு' இரண்டும் ஆங்கிலக் காதில் அநேகமாக ஒரே சொல்லாகத்தான் விழும். இது பிறவிக் குறையும் அன்று. கனடாவில் ஜானட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் ஹிந்தியின் தகர டகர பேதத்தைக் கண்டுகொள்கின்றன. ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறமை மங்கிவிடுகிறது. வீட்டு மொழிக்கேற்பக் காது படிந்துவிடுகிறது.

நம் காது மட்டும் விதிவிலக்கா? முப்பது வயதுக்கு மேல் ஹிந்தி படிக்கப் போனேன். சாப்பாட்டுக்கு ஒரு சொல், பாட்டுக்கு ஒரு சொல், ஒற்றைக்கண்ணனுக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் மூன்றும் 'கானா'. பாட்டை எப்படியோ பிரித்துவிட்டேன். சாப்பாடும் ஒற்றைக்கண்ணனும் கடைசிவரை ஒன்றாகவே ஒலித்தன. வாத்தியார் என்னைப் பிடிவாதக்காரன் என்று முடிவு செய்துவிட்டார்.

படிந்த காதைத் திருத்த வழி உண்டு. ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் ஒன்றாகவே கேட்கும். அமெரிக்காவில் இண்டியானா சர்வகலாசாலையில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். பலர் குரலில் பதிந்த சொற்களைக் கேட்டு இன்னதென்று சொல்ல வேண்டும். சரியா தப்பா என்பது உடனே தெரிந்துவிடும். சில வாரங்களில் காது தேறிற்று. ஆனால் ஒரே ஆளின் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் புதுக் குரல் வந்ததும் தடுமாறினார்கள் என்று 1993-ல் தெரிந்தது. காது திருந்தியவர்களின் உச்சரிப்பும், பேசிப் பழகாமலே, ஓரளவு திருந்தியது என்று 1997-ல் கண்டார்கள்.

கதை எழுதுகிறவனுக்கும் இதில் பாடம் உண்டு. நாம் ஒரே துரையின் குரலைக் கேட்டுவிட்டு எல்லாத் துரைகளையும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு குரலையும் பாதி வேளை சினிமாவில்தான் கேட்டோம். ஜவுளிக் கடையில் பத்து எது, பட்டு எது என்று தெரியாமல், எதிரே இருப்பவர் உதட்டையே பார்த்து நிற்கும் மனிதரை யார் எழுதியிருக்கிறோம்? அந்தத் திகைப்பு எனக்கு ஹிந்தி வகுப்பிலேயே கிடைத்திருந்தது. நாவலில் அதற்கு இடம் கொடுக்காமல் 'டமில்' என்று எழுதிவிட்டுப் போனேன்.