எங்கிருந்து வருகிறாய்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்பில் தரப்படும் ஓர் எழுத்துப் பயிற்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ‘நான் எங்கிருந்து வருகிறேன்’ என்று எழுதவேண்டும். கென்டக்கிக் கவிஞர் ஜார்ஜ் எல்லா லயன் 1993இல் இப்படிப் பட்டியல் போட்டுப் பார்த்தார். அது கவிதையானது, பிறகு வகுப்பறைக்குள் வந்தது.

ஊர்ப் பெயர் மட்டும் போதாது. அடுப்படி வாசனை, பாட்டி ஓயாமல் சொல்லும் கண்டிப்பு, கொல்லையில் நின்ற மரம், இவையெல்லாம் வரவேண்டும். ‘உன்னைப் பற்றி எழுது’ என்றால் பேனா நகராத பிள்ளையும் இதற்கு எழுதிவிடும். கேள்வி அவ்வளவு கையருகே இருக்கிறது. மனப்பாடத்துக்கு இங்கே வேலையில்லை, பக்கத்துத் தாளைப் பார்த்தும் பயனில்லை.

ஆசிரியர்களே, இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். படித்துவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் சொல்லேன்’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.