காயமில்லாத நற்செய்தி

இலுப்பூர்க்காரனான எனக்கு இயேசு முதலில் ஒரு நாடகப் பாத்திரம். ஈஸ்டரை ஒட்டி ஆவூர் பெரியநாயகி மாதா கோவிலில் பாஸ்கா போடுவார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, ஆனாலும் அப்பத்தா கூட்டிக்கொண்டு போகும். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டதும் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அழுவார்கள்.

தோமா நற்செய்தியை வாசித்தபோது நான் தேடியது அந்த ஆணியை. இல்லை. பிறப்பு, புதுமைகள், சிலுவை, உயிர்ப்பு எதுவுமே இல்லை. இயேசு சொன்னதாக 114 கூற்றுகள், அவ்வளவுதான். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஒரு ஜாடிக்குள் கிடைத்த சுவடிகளில் இதுவும் ஒன்று. நமக்குக் கிடைத்திருக்கும் முழுப்பிரதி 4ஆம் நூற்றாண்டின் காப்டிக் மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலம் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு.

பரங்கிமலையும் சாந்தோமும் நினைவுபடுத்தும் தோமா, காயத்தில் விரல் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர். அது யோவான் சொல்லும் கதை. அவர் பெயரிலேயே இருக்கும் நூலில் தொட்டுப் பார்க்க ஒரு காயம்கூட இல்லை.

ஆரம்பத்தில் எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. புதுமைகள் இல்லாத இயேசுவை ஒத்துக்கொள்வது பொறியியல் படித்தவனுக்குச் சுலபம். சபை வேண்டாம், சடங்கு வேண்டாம், உன்னையே அறி. ஓஷோ 1974இல் இதைப் பற்றித் தொடர் உரையே ஆற்றியிருக்கிறார். ஆனால் இதை விடுதலையின் நூலாகக் கொண்டாடுகிறவர்கள் கடைசிக் கூற்றுக்கு வந்ததும் நைசாக நழுவிவிடுகிறார்கள். மரியாளை வெளியே அனுப்பச் சொல்கிறார் பேதுரு. அவளை ஆணாக்கிவிடுகிறேன் என்பது இயேசுவின் பதில். எத்தனை வியாக்கியானம் போட்டாலும் எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

இந்த நூலின் ஆதர்ச மனிதன் தனித்தவன். குடும்பத்தை விட்டவன், வழிப்போக்கன். சிரியாவின் துறவு மரபோடு இதை இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பாஸ்கா பார்க்கக் கூட்டம் வேண்டும். இதை வாசிக்க ஆளில்லாத அறை போதும். அதனாலேயே பல கூற்றுகள் புதிர் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. யாருக்கும் எதுவும் நேர்வதில்லை.

ஒரு விதிவிலக்கு, 97ஆவது கூற்று. மற்ற நற்செய்திகளில் இந்த உவமை கிடையாது. ஒரு பெண் ஜாடி நிறைய மாவு சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடக்கிறாள். கைப்பிடி உடைந்து, மாவு அவளுக்குப் பின்னால் வழியெல்லாம் சிந்திக்கொண்டே வருகிறது. அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து இறக்கி வைத்தால் ஜாடி காலி. தந்தையின் அரசு இப்படிப்பட்டதாம். விளக்கம் கிடையாது. எது அரசு? வெறுமையா, அந்த நடையா, தெரியாமல் இழப்பதா? சிலுவை இல்லாத இந்த நூலில் இழப்பு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான். ஆனால் சத்தமே இல்லை, அழ யாரும் இல்லை. மொத்த நூலிலும் நான் திரும்பத் திரும்பப் போவது இந்தச் சில வரிகளுக்குத்தான்.

போன முறை ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் இதைக் கதையாகச் சொன்னேன். மில்லுக்கும் வீட்டுக்கும் மாவுத்தூக்கு சுமந்த ஆள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது:

"ஏம்ப்பா, பின்னாடி வந்தவுக ஒருத்தருகூடவா சொல்லல?"