கோரிக்கையை யாரிடம் வைப்பது?

2021 ஜூலை 21 அன்று கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் உதைபந்தாட்டக் கழகத்தின் முன்னால் இரசிகர்கள் திரண்டார்கள். முதலீட்டாளரான ஸ்ரீ சிமென்ட் நிறுவனத்துடனான இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் கழக நிர்வாகிகள் இழுத்தடித்துக்கொண்டிருந்தனர். அடுத்த பருவத்தில் அணி களமிறங்குமா என்பதே கேள்விக்குறி. கையெழுத்திட வேண்டும் என்றது ஒரு கூட்டம். 1920 இல் பிறந்த கழகத்தின் உரிமையை எழுதிக்கொடுக்கக் கூடாது என்று நிர்வாகத்தின் பக்கம் நின்றது மற்றொன்று. இரண்டும் கைகலக்க, பொலிஸார் தடியடி நடத்தினர். சிவப்பும் மஞ்சளும் அணிந்தவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட்ட பிறகு அணி ஆடியது. ஆனால் அந்தப் பருவத்தின் 20 ஆட்டங்களில் ஒரேயொரு வெற்றி, கடைசி இடம். பின்னர் நிறுவனமும் விலகியது. போராட்டத்தால் அணிக்கு ஒரு பருவம் கிடைத்தது, நல்ல நிர்வாகம் கிடைக்கவில்லை.

போராட்டம் வீரர்களைத்தான் குலைக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2016 பெப்ரவரியில் லிவர்பூல் நிர்வாகம் அதிகூடிய டிக்கெட் விலையை 77 பவுணாக உயர்த்தப் போவதாக அறிவித்தது. சன்டர்லேண்டுடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது, முடிவில் 2-2. இரண்டு புள்ளிகள் போயின. சில நாட்களில் உரிமையாளர்கள் அந்த உயர்வைக் கைவிட்டார்கள். ஒரேயொரு கோரிக்கை, அதைக் கேட்க வேண்டியவர்களின் காதுக்கே போனது. நிர்வாகமே ஒழிக என்று பொத்தாம்பொதுவாகக் கத்தியிருந்தால் அந்த இரண்டு புள்ளிகள் வீணாகவே போயிருக்கும் என்பது என் கணிப்பு.

இலங்கையின் இரத்தோட்டையில் இருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக இரவில் கண்விழிப்பவனுக்கு இந்த வழி இல்லை. வாங்காமல் விடுவதற்கு அவன் கையில் டிக்கெட்டே கிடையாது. அதன் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்தை எதிர்த்து 2021 மே 2 அன்று ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்தவர்களால் லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிப்போனது. இங்கே தொலைக்காட்சி முன் காத்திருந்தவனுக்கு மிஞ்சியது ஏமாற்றம்தான். பேஸ்புக்கில் அவன் போடும் வசவு யாரையும் அசைக்காது. (அதற்காக அவன் போடாமல் இருப்பதும் இல்லை.)

நம் நாட்டு உதைபந்தாட்டத்தில் சிக்கல் வேறு. உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பவை லீக்குகளின் வாக்குகள், பார்வையாளனுக்கு வாக்கில்லை. ஆகவே கோபம் வந்ததும் அமைச்சர் தலையிடட்டும் என்கிறோம். அங்கேதான் பொறி இருக்கிறது. வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் ஆயிற்று. அதே ஆண்டு நவம்பரில், நம் கிரிக்கெட் அணி இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட பின், விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். நான்கே நாளில் ஐ.சி.சி.யின் இடைநிறுத்தம். 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணமும் தென்னாபிரிக்காவுக்குப் போனது. நிர்வாகிகள் செய்த பிழைக்குத் தண்டனை அனுபவித்தவர்கள் விளையாடும் பிள்ளைகள்.

போராட்டமே வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது. கொழும்பில் அமைச்சின் முன் கொடி பிடிப்பதைவிட, வாக்குள்ள நம் மாவட்ட லீக்கின் நிர்வாகிகளிடம் யாருக்கு வாக்களித்தீர்கள், ஏன் என்று கேட்கலாம். கொஞ்சம் சங்கடமான வேலைதான். அவர்களில் சிலர் நமக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்.