எலி குடித்த இலைச்சாறு

தோட்டத்து லயன்களின் பின்புறம் நிற்கும் பெலிம்பிங் மரத்தின் இலையைக் காய்ச்சிக் குடித்துவரும் முதியவர் ஒருவர், நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டதாக என்னிடம் கூறினார். காரணம் கேட்டேன். “சிராங்கூன் ரோட்டுக்குப் போயிருந்தப்ப சொன்னாங்க, சார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமே கண்டுபிடிச்சிருச்சாமே!” என்றார். கண்டுபிடித்தது யாது என்றறிய, அவ்வாய்வின் சுருக்கவுரையைத் தேடிப் படித்தேன்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துப் புஷ்பராஜ், சி. எச். டான், பி. கே. எச். டான் ஆகிய மூவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. பிலிம்பி என்றும் நாம் வழங்கும் அம்மரத்தின் இலையிலிருந்து எத்தனால் கொண்டு சாறு பிரித்தனர். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் பொருளால் நீரிழிவு உண்டாக்கப்பெற்ற எலிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 125 மில்லிகிராம் வீதம், நாளைக்கு இருமுறை, இரண்டு வாரம் கொடுத்தனர். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின். மற்றொரு பிரிவுக்கு வெறும் வாலைநீர். இவ்வமைப்பைப் பாராட்டவே வேண்டும். நீர் மட்டும் குடித்த எலி இல்லையேல், சர்க்கரை தானே இறங்கியதா, சாற்றால் இறங்கியதா என்று எங்ஙனம் அறிவது? நம் கைமருந்துப் புகழ்மாலைகளில் எப்போதும் காணாமற்போவது அந்த எலிதான்.

சாறு பெற்ற எலிகளின் இரத்தச் சர்க்கரை 50 விழுக்காடு குறைந்தது என்கின்றனர். மொத்தக் கொலஸ்டிரால் மாறவில்லை என்பதையும் மறைக்காது எழுதியுள்ளனர். ஆனால் டிரைகிளிசரைடு 130 விழுக்காடு குறைந்தது என்னுமிடத்தில் நின்றுவிட்டேன். நூறும் போனால் எஞ்சுவது சுழி. அதற்கு மேலும் குறைவதெப்படி? ஆறாம் ஆண்டு மாணவன் இவ்வாறு எழுதினால் சிவப்பு மை இடமாட்டோமா? சாறு பெற்ற எலியின் அளவையே அடியெண்ணாகக் கொண்டு வேறுபாட்டைக் கணித்தால் 130 வரக்கூடும். அப்படியாயின் உண்மைக் குறைவு ஏறத்தாழ 57தான். சர்க்கரைக்கும் அதே கணக்கு என்றால், 50 என்பது 33 ஆகச் சுருங்கும். சிறு பிழையன்று இது. சுருக்கவுரையைத் தாண்டிப் படிப்பவர் சிலரே. கடைத்தெருவுக்கு வந்து சேர்வதும் அந்த எண்ணே.

மற்றைக் குறையெல்லாம் ஆய்வாளர்மேல் ஏற்றத்தக்கதன்று. கணையத்தின் இன்சுலின் அணுக்களை நஞ்சால் திடீரென அழித்த எலியும், பல்லாண்டு மெல்ல நோயுற்ற மனிதனும் ஒன்றல்லர். இதனை உணர்ந்தோ என்னவோ, 2005இல் டான் குழுவினர் கொழுப்புணவும் ஊட்டிய எலிகளில் மீண்டும் சோதித்தனர். அது மனித நோய்க்குச் சற்று நெருங்கியது. எத்தனாலில் பிரித்த சாறும் அடுப்பில் காய்ச்சிய கஷாயமும் ஒன்றல்ல. எலிக்குரிய அளவை மனித எடையால் நேராகப் பெருக்கவும் கூடாது. உடற்பரப்புக் கணக்கில் அது ஆறில் ஒரு பங்காகிவிடும்.

முதியவரோ இலையோடு நிற்கவில்லை; காயையும் பிழிந்து குடிக்கத் தொடங்கியிருந்தார். பிலிம்பிக்காயில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. கேரளத்தில் கொலஸ்டிராலுக்கு மருந்தென்று அதன் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர்; அவர்களுள் எழுவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு வேண்டியதாயிற்று.

இதைச் சொன்னதும் முகம் மாறினார். மறுவாரம் மருந்தகத்துக்குப் போய்வந்ததாகச் சொன்னார். மரத்தை மட்டும் வெட்ட மாட்டாராம். சம்பலுக்குக் காய் வேண்டுமாம்.