உயிரணுவின் சாட்சியம்

1986ஆம் வருஷம் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்துக்கு அருகே எண்டர்பி என்னும் சிற்றூரில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி கொலையுண்ட வழக்கில், 17 வயது இளைஞன் ஒருவன் போலீஸாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மூன்று வருஷங்களுக்கு முன் அடுத்த ஊராகிய நார்பரோவில் இதே வயதுப் பெண்ணொருத்தி இதே விதமாய் மாண்டிருந்தபடியால், அதுவும் இவன் செயலே என்று நிரூபிக்கக் கருதிய போலீஸார், உடலணுவின் மரபுப்பொருளைக் கொண்டு மனிதனை மனிதனிடமிருந்து பிரித்தறியும் முறையை 1984இல் கண்டுபிடித்திருந்த லெஸ்டர் சர்வகலாசாலை அறிஞர் அலெக் ஜெஃப்ரீஸை நாடினார்கள். அவருடைய பரிசோதனை சொன்ன விடை எவரும் எதிர்பாராதது: இரண்டு பாதகங்களும் ஒருவனுடையவை, அந்த ஒருவன் இவன் அல்லன். தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்ட பிள்ளையை விடுவித்ததே குற்ற விசாரணையில் டி.என்.ஏ. செய்த முதல் தொண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிற்பாடு அவ்வட்டாரத்து ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் மாதிரி எடுத்தும் பொருத்தம் கிடைக்கவில்லை. உண்மைக் குற்றவாளி, தன்னோடு ரொட்டிக் கிடங்கில் வேலை செய்த ஒருவனைத் தன் பெயரில் இரத்தம் கொடுக்கச் செய்திருந்தான். மதுக்கடையில் அந்தச் சகா வாய்தவறிச் சொன்னதைக் கேட்ட பெண்ணொருத்தி போலீஸுக்குத் தெரிவித்ததனாலேயே குற்றவாளி அகப்பட்டு, 1988இல் தண்டனை பெற்றான். நிரபராதியைக் காத்தது விஞ்ஞானம். குற்றவாளியைக் காட்டியது மனிதர் பேச்சு. இந்த வேற்றுமையில்தான் இம்முறையின் பலமும் பலவீனமும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பலாத்காரம் கலந்த வழக்கில், சிந்திய விந்து எவனுடையது என்பதொன்றே கேள்வியாயிருக்கையில், மாதிரி பொருந்தாவிட்டால் அதோடு விவகாரம் தீர்ந்தது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாகாணத்தில் ஐந்து பேர் அடையாளம் காட்டியதன்பேரில் 1985இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட கர்க் பிளட்ஸ்வொர்த், பிறகு அத்தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தும் சிறையிலேயே கிடந்து, 1993இல் இப்பரிசோதனையால் வெளியே வந்தார். ஐவரின் கண்ணும் பொய்த்த இடத்தில் ஒரு துணியின் கறை மெய் சொல்லிற்று. பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்னும் வழக்கறிஞர்கள் 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்தாபனம் இவ்வழியே எத்தனையோ பேரை மீட்டிருக்கிறது.

மாதிரி பொருந்திவிட்டாலோ, அப்பொழுதுதான் விசாரணை ஆரம்பமாக வேண்டும். அணு யாருடையது என்று பரிசோதனை கூறும். அது அங்கே எவ்வாறு வந்தது என்று கூறாது. 2012இல் கலிபோர்னியாவில் செல்வர் ஒருவர் தம் வீட்டில் கொலையுண்டபோது, அவருடைய நகங்களில் வீடுவாசலற்ற ஒரு மனிதருடைய டி.என்.ஏ. கிடைத்தது, அவரைக் கொலைக்குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார்கள். அவரோ அன்றிரவு குடிமயக்கத்தில் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்! அவரைத் தூக்கிச்சென்ற ஆம்புலன்ஸ் ஊழியர்களே சில மணி நேரத்துக்குப் பின் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். நாடி பார்க்க விரலில் மாட்டும் சிறு கவ்வியொன்றே அவருடைய அணுக்களைச் சுமந்து சென்றிருக்கலாம் என்று கருதப்பட்டது. ஐந்து மாதத்துக்கு மேல் அவர் சிறையிலிருந்தார். ஆஸ்பத்திரிப் பதிவேடு மட்டும் இல்லாதிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது.

கோடிக்கணக்கானவரில் ஒருவருக்கே இது பொருந்தும் என்று நிபுணர் கூண்டிலேறிச் சொல்லும் எண், தற்செயலான ஒற்றுமையை மாத்திரம் அளப்பது. கவ்வியில் ஒட்டிவந்த அணுவையும், ஆய்வுக்கூடத்தில் மாறிப்போன குழாயையும் அது அளப்பதில்லை. பலருடைய அணுக்கள் கலந்த மாதிரியிலோ எண்ணுக்கு முன்னாலேயே அபிப்பிராயம் புகுந்துவிடுகிறது. இதியேல் டிரோர், கிரெக் ஹாம்பிகியன் ஆகிய ஆராய்ச்சியாளர் இருவர், ஒருவனைச் சிறைக்கனுப்ப உதவிய கலப்பு மாதிரியின் விவரங்களை, வழக்கின் கதையைச் சொல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் சொல்லப்பட்ட முடிவோடு ஒத்துப்போனவர் ஒரே ஒருவர் என்று 2011இல் வெளியிட்டார்கள். நம் தர்க்க சாஸ்திரிகள் பிரத்தியட்சம் வேறு, அனுமானம் வேறு என்று பிரித்துவைத்தார்கள். அனுமானமாகிய இதைப் பிரத்தியட்சமென்று நியாயஸ்தலங்கள் கொள்வதே பெருங்குறை.

நம் நாட்டிலோ, நுட்பமான இந்தத் தர்க்கங்களுக்கெல்லாம் முன்பே, மாதிரியைப் பத்திரப்படுத்தும் முதற்படியிலேயே கால் இடறுகிறது. தேனி மாவட்டத்துச் சுருளி அருவியில் 2011இல் காதலர் இருவர் கொலையுண்ட வழக்கில், விசாரணைக் கோர்ட்டு மரண தண்டனை விதித்து உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்த ஒருவரை, 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. மாதிரிகள் யார் யார் கையில், எவ்விதம் இருந்தன என்பதற்குத் தக்க விளக்கம் இல்லை. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர வேண்டும், விசாரணைக் கோர்ட்டின் அனுமதியின்றி அதன் முத்திரையை உடைக்கலாகாது, கைமாறும் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று அத்தீர்ப்பிலேயே நாடு முழுமைக்கும் உத்தரவாயிற்று. அந்த மனிதர் சிறைக்குச் சென்ற வருஷமும் 2011தான்.